ஹெல்பராக இருந்து ஜேசிபி ஓட்டப் போகிறேன், 2 மீட்டர் பள்ளத்தில் ஆள் இறங்கும் வேலை: என்னென்ன பார்க்க வேண்டும்?

சங்ககிரி தம்பி (கேள்வி)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எனக்கு 22 வயது, ஊர் சங்ககிரி பக்கம். இரண்டு வருடமாக ஒரு ஜேசிபி 3டிஎக்ஸ் வண்டியில் ஹெல்பராக இருந்தேன். கிரீஸ் அடிப்பது, டீசல் ஊற்றுவது, ஓரமாக நின்று சைகை காட்டுவது என்று ஆரம்பித்து, அப்புறம் சாயங்காலம் வேலை முடிந்ததும் எங்கள் ஆப்பரேட்டர் அண்ணன் கீழே நின்று சொல்லச் சொல்ல லீவர் பிடித்துப் பழகினேன். போன வருடம் லைசென்ஸும் எடுத்துவிட்டேன். மனை சமப்படுத்துவது, செப்டிக் டேங்க் குழி, தென்னை நட குழி, இதெல்லாம் தனியாகவே செய்திருக்கிறேன்.

இப்போது அந்த அண்ணன் வேறு வண்டிக்குப் போய்விட்டார், ஓனர் வண்டியை என் கையில் கொடுத்துவிட்டார். வருகிற திங்கள்கிழமை முதல் ஒரு டவுனில் பாதாள சாக்கடை வேலை. தெரு ஓரமாக 2 மீட்டர், சில இடத்தில் இரண்டரை மீட்டர் ஆழம் எடுக்க வேண்டும். நான் எடுக்க எடுக்கப் பின்னாலேயே நான்கு பேர் பள்ளத்துக்குள் இறங்கி மட்டம் பார்த்துக் குழாய் போடுவார்கள். ஒரு பக்கம் வீடுகள், இன்னொரு பக்கம் பழைய குடிநீர்க் குழாய் ஓடுகிறது, தலைக்கு மேல் இபி லைன்.

பயமாக இருக்கிறது என்று சொன்னால் ஓனர் "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்கிறார். ஆனால் போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. ஒரு சைட்டில் வண்டியை நிறுத்தி, தோண்டும்போது வண்டியைத் தரையில் ஊன்றித் தாங்கும் பின் ஜாக் இரண்டையும் இறக்கினேன். பார்வை பூம் பக்கமே, அதாவது மண் தோண்டும் நீளக் கை பக்கமே இருந்தது. புதிதாக வந்த ஹெல்பர் பையன், 19 வயது, கீழே விழுந்த ஸ்பேனரை எடுக்க இடது ஜாக் பக்கம் குனிந்திருக்கிறான், எனக்குத் தெரியவே இல்லை. ஜாக் பாதம் தரையில் உட்கார்ந்த பிறகுதான் அவன் காலை இழுத்த வேகத்தில் பின்னால் விழுந்ததைப் பார்த்தேன். அவன் செருப்பு மட்டும் ஜாக் அடியில் இருந்தது. ஜாக்கைத் தூக்கி எடுத்தால் வார் அறுந்து, அடி நசுங்கி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. கால் அங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பிலேயே இரண்டு நாள் தூங்கவில்லை.

பள்ளத்தில் ஆள் இருக்கும்போது எப்படி வேலை செய்வது, மண் சரியும் என்று முன்னாலேயே எப்படித் தெரிந்துகொள்வது, லைன் விஷயத்தில் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் மேல், "ஆளை மேலே ஏற்றுங்கள், நான் எடுக்க மாட்டேன்" என்று இன்ஜினியரிடம் என்னைப் போன்ற சின்ன ஆள் சொல்ல முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய ஆப்பரேட்டர்

தம்பி, 19 வருடமாக ஓட்டுகிறேன். முதலில் ஜேசிபி, இப்போது 20 டன் ஹிட்டாச்சி. தூங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்ததும்தான் உன்னை நம்பி வண்டியைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் செருப்பை மறக்காதே.

அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜாக் இறக்கும்போது இரண்டையும் ஒன்றாக இறக்கக் கூடாது. ஹார்ன் அடி, இடது பக்கம் திரும்பிப் பார், இடது ஜாக்கை இறக்கு. அப்புறம் வலது பக்கம் பார், வலது ஜாக்கை இறக்கு. நான்கு நொடி அதிகம் ஆகும், ஆகட்டும். மண் லேசாக இருந்தால் ஜாக் பாதத்துக்கு அடியில் கனமான மரப் பலகை போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் புதைந்து வண்டி சாயும். அந்தப் பலகையை ஹெல்பர் வைத்துவிட்டு வெளியே வந்து, நீ பார்க்கும் இடத்தில் நின்று கை காட்டிய பிறகுதான் லீவரில் கை வைக்க வேண்டும். முன் பக்கெட்டையும் தரையில் அழுத்தி உட்கார வை. ஏழரை டன் வண்டி என்றாலும் பூம் முழுவதும் நீட்டிப் பக்கவாட்டில் நிறைய மண்ணோடு திருப்பினால் ஆடும்.

அடுத்தது ஹெல்பர். அவனுக்கு ஒரே ஒரு விதி சொல்லிக்கொடு: அவன் கண் உன் கண்ணைப் பார்க்கவில்லை என்றால் அவன் வண்டிக்குப் பக்கத்தில் வரவே கூடாது. உனக்கும் ஒரே விதி: ஹெல்பர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கை லீவரை விட்டு வந்துவிட வேண்டும். எங்கேயாவது நிற்பான், டீ குடிக்கப் போயிருப்பான் என்று நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு வண்டியை நகர்த்துகிறோம் பார், அதில்தான் ஆள் போகிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது இது இரண்டு மடங்கு.

ஹிட்டாச்சி மாதிரி மேல்பாகம் முழுவதும் சுற்றும் வண்டி பக்கத்தில் வேலை செய்ய நேர்ந்தால் இன்னொன்று. பூம் முன்னால் போகும்போது வண்டி சாயாமல் இருக்கப் பின்னால் வைத்திருக்கும் எடைக்கட்டி சுவர்ப் பக்கம் வரும். சுவருக்கும் எடைக்கட்டிக்கும் நடுவில் ஆள் நின்றால் ஆப்பரேட்டருக்குத் தெரியவே தெரியாது. வலது பக்கம் பூம் மறைக்கும், பின்னால் இன்ஜின் மறைக்கும். என் வண்டிக்குப் பின்னால் எந்தச் சைட்டாக இருந்தாலும் நான்கு கம்பி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டாமல் ஸ்டார்ட் செய்வதில்லை.

இப்போது பள்ளம். ஒரு கணக்கு சொல்கிறேன், இது உனக்குச் சட்டென்று புரியும். நாம் மண்ணை யூனிட்டில் பேசுகிறோம், ஒரு யூனிட் 100 கன அடி. எடையில் அது ஏறக்குறைய நாலரை டன். பள்ளத்தின் கரையில் ஆறேழு அடி நீளம், ஐந்தடி உயரம், ஒன்றரை அடி கனத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தால் அது அரை யூனிட், இரண்டு டன்னுக்கு மேல். ஒரு கார் மேலே விழுவதைவிட அதிகம். முழு ஆளும் மூட வேண்டியதில்லை, நெஞ்சு வரைக்கும் மூடினாலே மூச்சை உள்ளே இழுக்க முடியாது. கத்தக்கூட முடியாது. நான் கண்ணால் பார்த்தேன். எந்த ஊர், யார் வேலை என்று சொல்ல மாட்டேன். காலையில் என்னோடு ஒரே பொட்டலத்தில் இட்லி சாப்பிட்டவர், பதினொரு மணிக்கு இல்லை. அப்போது நான்தான் வண்டியில் இருந்தேன்.

அன்றைக்கு என்னென்ன தப்பு நடந்தது என்று இப்போது தெரிகிறது. எடுத்த மண்ணையெல்லாம் பள்ளத்தின் விளிம்பிலேயே குவித்திருந்தேன். அந்தப் பாரம் கரையை அழுத்தியது. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு குழாய்க்காக எடுத்து மூடிய பழைய மண் இருந்தது, அது என்றைக்கும் கன்னி மண், அதாவது யாரும் தோண்டாத மண் மாதிரி நிற்காது. உன் சைட்டில் பழைய குடிநீர்க் குழாய் ஓடும் பக்கம் இதே கதைதான், அந்தப் பக்கம் கரையை நம்பாதே. முந்தின நாள் ராத்திரி மழை வேறு. காலையில் கரையின் மேலே, விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு நூல் மாதிரி வெடிப்பு நீளவாக்கில் ஓடியது. அதை நான் பார்த்தேன், மேஸ்திரியும் பார்த்தார், இருவருமே ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் தினமும் காலையில் இறங்கி நடந்து பார். மேலே நீள வெடிப்பு, கரையிலிருந்து சின்னச் சின்னக் கட்டி உதிர்வது, கரை வயிறு தள்ளிக்கொண்டு வருவது, அடியில் நீர் ஊறுவது, இதில் எது தெரிந்தாலும் ஆள் உள்ளே இருக்கக் கூடாது. கரிசலில் காய்ந்த வெடிப்பு எப்போதும் இருக்கும், செங்குத்தாக நிற்பது மாதிரியே தெரியும், திடீரென்று பாளமாக விழும். சரளை கொஞ்சம் தாங்கும் என்று சொல்வார்கள், அதையும் நம்பி ஆளை இறக்காதே.

அப்புறம், பக்கெட் எட்டும் தூரத்துக்குள் பள்ளத்தில் ஆள் இருக்கவே கூடாது. நீ எடுக்கும்போது அவர்கள் வெளியே, அவர்கள் உள்ளே இருக்கும்போது உன் பக்கெட் தரையில். குழாயைப் பக்கெட் பல்லில் செயின் மாட்டி இறக்கச் சொல்வார்கள். பல்லிலிருந்து செயின் வழுகிவிடும். அதற்கென்று கொக்கி இருந்தால் மட்டும், செயின் தேயாமல் இருந்தால் மட்டும் தூக்கு, குழாய் தொங்கும்போது கீழே ஒருவரும் கூடாது. கயிறு கட்டித் தூரத்தில் நின்று திருப்பட்டும்.

---

சைட் இன்ஜினியர், ஈரோடு

மேலே அண்ணன் சொன்ன எல்லாமே சரி. நான் அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது உங்களை "சீக்கிரம் எடுங்கள்" என்று விரட்டும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தம்பி கடைசியில் கேட்டாரே, சின்ன ஆள் சொல்ல முடியுமா என்று. சொல்லலாம், சொல்லும்போது கையில் எண் இருந்தால் எங்களால் மறுக்க முடியாது. மத்தியப் பொதுப்பணித்துறையின் பாதுகாப்பு விதித் தொகுப்பு பல அரசு ஒப்பந்தங்கள் ஏற்றுக்கொண்ட ஒன்று. அதில் இருப்பது இது: 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழம் உள்ள பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாகவோ படியாகவோ வெட்ட வேண்டும், அல்லது மரம் கொடுத்து முட்டுக்கட்ட வேண்டும். 1.2 மீட்டரைத் தாண்டினாலே ஏணி இருக்க வேண்டும், 30 மீட்டர் நீளத்துக்கு ஒன்றாவது, அதுவும் தரைக்கு மேல் 90 செ.மீ. நீட்டிக்கொண்டு. எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அந்தத் தூரம் தள்ளித்தான் கொட்ட வேண்டும். மேலிருந்து கீழாகத்தான் வெட்ட வேண்டும், அடியைக் குடையவே கூடாது.

உங்கள் பள்ளம் 2 மீட்டர். அப்படியென்றால் சரிவோ படியோ வெட்டாமல், முட்டும் கட்டாமல் ஆளை இறக்கச் சொல்வது விதிமீறல், இதில் "பரவாயில்லை" என்பதற்கு இடமே இல்லை. தெரு ஒடுக்கமாக இருக்கும், படி வெட்ட இடம் இருக்காது, சரி, அப்போது முட்டுதான் ஒரே வழி. இரண்டு பக்கமும் பலகை, நடுவில் சவுக்குக் கட்டையைக் குறுக்கே இறுக்கி ஆப்பு வைத்தால் போதும், பெரிய செலவு இல்லை. நான் வேலை பார்த்த குழாய் டெண்டர்கள் பலவற்றில் முட்டுக் கட்டுவதற்கென்று தனியாக ஒரு ஐட்டமும் ரேட்டும் இருந்தது. செய்யாத வேலைக்குப் பில் போடும் இடங்களும் இருக்கின்றன, அது எனக்குத் தாங்க முடியாத கோபம் வரும் விஷயம், ஏனென்றால் அந்தப் பணம் பள்ளத்தில் நிற்கிறவரின் உயிருக்காக ஒதுக்கியது.

மண் கொட்ட 1.5 மீட்டர் இடம் தெருவில் இல்லை என்றால், எடுக்க எடுக்க டிப்பரில் ஏற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் 100 மீட்டர் திறந்து போடாமல், ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல் வரை எடுத்து, குழாய் போட்டு, மூடிவிட்டு நகருவது நல்லது. திறந்து கிடக்கும் பள்ளம் ஒவ்வொரு மணி நேரமும் காய்ந்து பலவீனமாகிறது. ராத்திரியில் அதில் வண்டியோடு விழுகிறவர்கள் வேறு.

கட்டடத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் 1996-இல் வந்தது, நம் மாநில விதிகள் 2006-இல். பாதுகாப்பு இல்லாத இடத்தில் வேலை செய்ய வைத்துவிட்டு, விபத்து நடந்த பிறகு ஆப்பரேட்டர் தலையில் கட்டிவிட்டு நழுவ முடியாது. ஆனால் முதலில் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது வண்டி ஓட்டினவரைத்தான் என்பதும் உண்மை. அதனால் வாயால் சொல்வதோடு நிற்காமல், "பள்ளம் 2 மீட்டர், முட்டு இல்லை, ஆள் மேலே வந்த பிறகுதான் எடுப்பேன்" என்று இன்ஜினியருக்கும் ஓனருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி, ஒரு படத்தோடு போட்டுவிடுங்கள். எனக்கு ஒரு ஆப்பரேட்டர் அப்படி அனுப்பியிருக்கிறார். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் மதியத்துக்குள் சவுக்குக் கட்டை வந்து இறங்கியது.

---

கடல்தாண்டிய காரைக்குடிக்காரன்

நான் எட்டு வருடம் சிங்கப்பூரில் எக்ஸ்கவேட்டர் பக்கத்தில் சிக்னல் ஆளாகவும், அப்புறம் ஓட்டுநராகவும் இருந்தேன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அங்கேயும் கணக்கு 1.5 மீட்டர்தான், அதைத் தாண்டினால் முட்டு இல்லாமல் ஒருவரும் இறங்க முடியாது. மண்ணைத் தொடும் முன் அடியில் எங்கே மின்கேபிள் ஓடுகிறது என்று உரிமம் பெற்ற ஆள் ஒருவர் கருவி வைத்துப் பார்த்துத் தரையில் பெயின்டால் கோடு போடுவார். அதன் பிறகும் முதலில் கையால் குறுக்கே ஒரு சோதனைக் குழி வெட்டி, கேபிளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இயந்திரம்.

அந்தக் கருவியெல்லாம் நம் சைட்டில் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் கையால் சோதனைக் குழி வெட்ட ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். தெரு ஓரத்தில் கேபிள் புதைத்திருந்தால் பெரும்பாலும் அதைச் சுற்றி மணல் போட்டு மேலே செங்கல் அடுக்கியிருப்பார்கள். செம்மண் வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஆற்று மணலும் வரிசையாகச் செங்கலும் பக்கெட்டில் வந்தால், அடுத்த வாரல் எடுக்காதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

நான் அங்கே கற்றுக்கொண்டதில் செலவே இல்லாதது ஒன்று உண்டு. வண்டி பக்கம் யாராவது வர வேண்டுமென்றால், தூரத்தில் நின்று கை தூக்குவார்கள். ஓட்டுகிறவர் பக்கெட்டைத் தரையில் வைப்பார், ஹைட்ராலிக் பூட்டு லீவர் இருந்தால் அதைப் போடுவார், இரண்டு கையையும் தூக்கிக் கண்ணாடி வழியாகக் காட்டுவார். அந்த இரண்டு வெறுங்கையையும் பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே வருவார். எத்தனையோ மொழி பேசுகிற ஆட்கள் இருக்கும் சைட்டில் அந்தச் சைகை எல்லாருக்கும் புரிந்தது. ஊருக்கு வந்து ஒரு கிணறு தூர்வாரும் வேலையில் இதைச் சொல்லிக்கொடுத்தேன், ஒரே நாளில் பழகிவிட்டார்கள்.

சிக்னல் ஒருவர்தான் காட்ட வேண்டும். நம் ஊரில் வீட்டுக்காரர் ஒரு பக்கம் "வா வா" என்பார், மேஸ்திரி இன்னொரு பக்கம் கை காட்டுவார், வேடிக்கை பார்க்கிறவர் வேறு. ஒரே ஆளுக்குப் பளிச்சென்ற சட்டையும் விசிலும் கொடுங்கள். ஆனால் "நிறுத்து" என்பதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும், சின்னப் பிள்ளை காட்டினாலும்.

---

சங்ககிரி தம்பி

எல்லா அண்ணன்களுக்கும் நன்றி. எழுதிவைத்துக்கொண்டேன். லைன் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள், அந்தத் தெருவில் லைன் மிகவும் தாழ்வாகத் தெரிகிறது. தவறி பூம் பட்டுவிட்டால் உடனே குதித்துவிட வேண்டும் என்று எங்கள் அண்ணன் சொல்வார், அது சரியா? இன்னொன்று, பூம் சிலிண்டர் பக்கம் ஒரு ஹோஸில் எண்ணெய் கசிகிறது, எந்த இடம் என்று தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

---

பழைய ஆப்பரேட்டர்

தம்பி, இரண்டுமே வேண்டாம். கை வைக்காதே, குதிக்காதே. ஹோஸை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கே நீ கை வைத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

நம் வண்டி ஹைட்ராலிக்கில் 200 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி, முள் குத்தின மாதிரி. வலிகூட முதலில் அவ்வளவாக இருக்காது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அப்படித்தான் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார், ராத்திரிக்குள் கை வீங்கிக் கறுத்தது, ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. புள்ளி சின்னதாக இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது" என்று அதே வார்த்தையில் சொல்ல வேண்டும், அறுவை சிகிச்சை தேவைப்படும். கசிவைக் கண்டுபிடிக்க ஒரு நீளமான அட்டைத் துண்டைத் தூரத்தில் பிடித்துக் காட்டு, எங்கே நனைகிறது என்று தெரியும். கண்ணாடி போட்டுக்கொள். கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் வை, இன்ஜினை நிறுத்து, நிறுத்திய பிறகும் லீவர்களை ஆட்டி அழுத்தத்தை வெளியேற்று. முன் லோடரைத் தூக்கிவைத்து அடியில் வேலை செய்வதாக இருந்தால் லோடர் கையைத் தாங்கும் முட்டுக் கம்பியை மாட்டாமல் தலையை நீட்டாதே. ஹோஸ் ஒன்று வெடித்தால் லோடர் கை இறங்க ஒரு நொடிகூட ஆகாது.

இப்போது லைன். தெருவைக் குறுக்கே கடக்கும் சாதாரண லைன் விதிப்படி 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் ரோட்டின் மேல் ரோடு போட்டுத் தரை ஏறியிருக்கும், கம்பி வெயிலில் தொய்ந்திருக்கும். நம் பூமைத் தூக்கினால் ஐந்து மீட்டரைத் தாண்டும், டிப்பர் தொட்டியைத் தூக்கினால் அதற்கும் மேலே போகும் வண்டிகள் உண்டு. அதனால் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 மீட்டராவது இடைவெளி விடு. அது முடியாத இடத்தில் வேலை செய்யாதே, சப்ளையை நிறுத்தச் சொல். காண்டிராக்டர் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் செய்வார்கள். அவசரத்துக்கு மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது, போனில் போட்டு வைத்துக்கொள். லைன்மேன் "ஆஃப் பண்ணிட்டேன்" என்று நேரில் சொன்ன பிறகு தொடங்கு, பக்கத்து வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதே.

பட்டுவிட்டால், கேபினுக்குள் இருக்கும்வரை நீ ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறாய். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் வைத்தால்தான் மின்சாரம் உன் உடம்பு வழியாகப் போகும். உட்கார்ந்த இடத்திலேயே இரு. பூமை மெதுவாக விலக்க முடிந்தால் விலக்கு. கம்பி அறுந்து சிக்கியிருந்தால் ஆடாதே. எல்லாரையும் தூரப் போகச் சொல்லிக் கத்து, உன்னைக் காப்பாற்ற யாரும் வண்டியைத் தொட வரக் கூடாது. கம்பி செத்துவிட்டது மாதிரி தெரிந்தாலும் சப்-ஸ்டேஷனில் மறுபடியும் போட்டுப் பார்ப்பார்கள், திரும்ப மின்சாரம் வரும். இபி ஆள் வந்து சொல்லும்வரை உள்ளேயே இரு. வண்டியில் தீப்பிடித்தால் மட்டும்தான் குதிக்க வேண்டும், அதுவும் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்காமல், இரண்டு காலையும் சேர்த்து, தரையில் இரண்டும் ஒன்றாக விழுகிற மாதிரி. விழுந்த பிறகு ஓடக் கூடாது. வண்டியைச் சுற்றித் தரையிலேயே மின்சாரம் பரவியிருக்கும், கால் அகல வைத்தால் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். இரண்டு பாதமும் ஒட்டியபடி, தரையை விட்டுத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்துப் பத்து மீட்டராவது போ.

குதிப்பது பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வண்டி சாய்ந்தாலும் குதிக்காதே. குதிக்கிற பக்கமேதான் வண்டியும் விழும். கேபின் உன்னைக் காப்பாற்றத்தான் இரும்புச் சட்டம் போட்டுக் கட்டியிருக்கிறது, ஆனால் நீ உள்ளே இருந்தால்தான் அது காப்பாற்றும். அதனால் பெல்ட். நம் ஆட்களில் பாதிப் பேர் பெல்ட்டைச் சீட்டுக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார்கள். நீ நாளைக்கே எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொள்.

---

வண்டி ஓனர், நாமக்கல்

மூன்று வண்டி வைத்திருக்கிறேன். ஓனர் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் ஓனர் மணிக் கணக்கு பார்ப்பார், நானும் பார்ப்பேன். வண்டிக்குத் தவணை ஓடுகிறது, மணிக்கு 1,200 ரூபாய் வாடகை, ஆள் மேலே ஏறும்வரை சும்மா நின்றால் மீட்டர் ஓடாது என்ற கவலை நிஜமானது. அதற்கு நான் செய்வது, பேசும்போதே காண்டிராக்டரிடம் "ஆள் உள்ளே இருந்தால் பக்கெட் கீழே, அந்த நேரத்துக்கும் வாடகை உண்டு" என்று ஒத்துக்கொள்ள வைத்துவிடுவேன். முன்னாலேயே பேசாவிட்டால் அந்தச் சண்டையை சைட்டில் தனியாகப் போடுவது ஆப்பரேட்டர் பையன்தான். உங்கள் ஓனரிடம் இதைக் காட்டுங்கள்.

என் ஆப்பரேட்டர்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பேட்டா கூடக் கொடுத்து ராத்திரியும் ஓட்டு என்று கேட்கும் சைட் உண்டு, நான் வேறு ஆள் அனுப்புவேன், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன். மே மாத வெயிலில் கேபினுக்குள் உட்கார்ந்து மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகும், அது சோம்பேறித்தனம் இல்லை, உடம்பு அப்படித்தான்.

அப்புறம் சைட் முடிந்து ரோட்டில் ஓட்டிக்கொண்டு வருவீர்கள். 3டிஎக்ஸில் பிரேக் பெடல் இரண்டு. சைட்டில் தனித்தனியாக மிதித்துத் திருப்புவோம். ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் சேர்த்துத் தாழ் போட வேண்டும். போடாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். பூம் பூட்டும் போட்டுவிடுங்கள், வளைவில் பூம் ஆடிப் பக்கத்தில் வரும் பைக்காரரைத் தட்டிவிடும். பக்கெட்டில் ஆளை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வருவதை என் வண்டியில் பார்த்தால் அன்றே சாவியை வாங்கிவிடுவேன். லைசென்ஸில் இந்த வகை வண்டி சேர்ந்திருக்கிறதா, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, இரண்டையும் நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

சைட் இன்ஜினியர், ஈரோடு

ஒன்று விட்டுப்போனது. கடவுளே என்று நடக்கக் கூடாது, ஆனால் மண் சரிந்து ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் ஓடிப்போய்ப் பக்கெட்டை விட்டு அள்ளத் தோன்றும். செய்யாதீர்கள். உள்ளே அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது, பக்கெட் பல் அவர் மேலேயே படும், அதிர்வில் மீதிக் கரையும் வரும். இன்ஜினை நிறுத்துங்கள், விளிம்பில் கூட்டம் சேர விடாதீர்கள், 108-க்கும் 101-க்கும் போன் போடுங்கள். கரை இன்னும் சரியும் நிலையில் மற்றவர்கள் குதித்தால் அவர்களும் மாட்டுவார்கள். கரைக்குப் பலகை கொடுத்து முட்டுப் போட்ட பிறகு, கையாலும் சின்ன மண்வெட்டியாலும் முகத்தையும் நெஞ்சையும் முதலில் விடுவிக்க வேண்டும். சைட்டில் நான்கு பலகையும் எட்டுக் கட்டையும் எப்போதும் தயாராகக் கிடந்தால் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும்.

---

சங்ககிரி தம்பி

செவ்வாய்க்கிழமை ராத்திரி எழுதுகிறேன். திங்கள்கிழமை காலையில் போனதும் பள்ளம் எடுக்கும் இடத்தில் கையால் சோதனைக் குழி வெட்டச் சொன்னேன், மேஸ்திரி முகம் சுளித்தார், ஆனால் முக்கால் மணி நேரத்தில் பழைய குடிநீர்க் குழாய் நாங்கள் நினைத்த இடத்திலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி இருந்தது தெரிந்தது. அதன் பிறகு அவரே அடுத்த குழி எங்கே வெட்டலாம் என்று கேட்டார். பள்ளம் ஒன்றரை மீட்டர் வந்ததும் பக்கெட்டை வைத்துவிட்டு இன்ஜினியருக்குப் படம் அனுப்பினேன். கொஞ்சம் சத்தம் போட்டார். ஓனருக்கும் போன் போனது. நான் கேபினை விட்டு இறங்கவில்லை, லீவரிலும் கை வைக்கவில்லை. மதியம் வரை சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், அந்த நான்கு பேரில் வயதான ஒருவர் மட்டும் வந்து ஒரு டீயைப் படியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

நேற்று சாயங்காலம் கட்டையும் பலகையும் வந்தன. இன்றைக்கு 12 மீட்டர் எடுத்துக் குழாய் போட்டு மூடினோம். வழக்கமாக 20 மீட்டர் போகுமாம். லைன் தாழ்வாக இருக்கும் பகுதிக்கு வியாழக்கிழமை சப்ளை நிறுத்த எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஹோஸ் மாற்றியாகிவிட்டது, அட்டையில் பார்த்தபோது கசிவு நான் கை வைக்க இருந்த அதே மடிப்பில்தான் இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும். முட்டுக் கட்டைகளைக் கழற்றும்போது கீழிருந்து கழற்றிக்கொண்டே மண் நிரப்ப வேண்டுமா, அல்லது முழுவதும் கழற்றிவிட்டு நிரப்பலாமா?

---

பழைய ஆப்பரேட்டர்

கீழிருந்துதான் தம்பி. முதலில் கீழ்க் கட்டை வரைக்கும் மண் நிரப்பிக் கெட்டிக்க வேண்டும், அப்புறம் அந்தக் கட்டையைக் கழற்றி, அடுத்த கட்டை வரை நிரப்பி, இப்படி மேலே வர வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் கழற்றுகிறவர் உள்ளே நிற்கும்போதே கரை வரும். கழற்றுகிறவர் ஏணிப் பக்கம் நிற்கட்டும். நீ மண் தள்ளும்போது அவர் மேலே.